வால்வு ஆம்ப் மக்கர் செய்தால்: அறிகுறியிலிருந்து பழுதுக்கு

வால்வு ஆம்ப்ளிஃபயர், அதாவது டிரான்சிஸ்டருக்குப் பதில் வால்வு என்ற கண்ணாடிக்குழாய்களால் சத்தத்தைப் பெருக்கும் கருவி, மக்கர் செய்ய ஆரம்பித்ததும் பலரும் செய்யும் முதல் காரியம் புது வால்வு வாங்குவது. உள்ளே இருக்கும் நூறு சாமான்களில் வெறும் கையால் பிடுங்கி மாட்டக்கூடியது அது ஒன்றுதான். அதனாலேயே பழியெல்லாம் அதன் தலையில் விழுகிறது.

என் மேஜைக்கு ஒருமுறை ஓர் ஆம்ப் வந்தது. கூடவே ஓர் அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் மூன்று ஜோடி இஎல்34, ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வுகள். ஒவ்வொரு ஜோடியும் சில வாரம் பாடிவிட்டு, பிளேட் (வால்வுக்குள் இருக்கும் வெளித்தகடு) சிவந்து போய்ச் சேர்ந்தவை. "வரவர வால்வெல்லாம் தரமே இல்லை சார்" என்றார் கொண்டுவந்தவர். எந்தப் பக்கத்து வால்வு சிவந்தது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மூணு தடவையும் வலது பக்கம்தான்" என்றார். பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. வால்வு மூன்று முறை மாறியிருக்கிறது, சிவப்பு மட்டும் இடம் மாறவில்லை. சேஸிஸை, அதாவது சாமான்களைப் பொருத்தியிருக்கும் உலோகச் சட்டத்தை, திருப்பிப் பார்த்தால், அந்த சாக்கெட்டுக்குப் போகும் சுண்டுவிரல் அளவுக் கப்ளிங் கண்டன்சர் (சத்தத்தை மட்டும் விட்டு டி.சி.யைத் தடுப்பது) கசிந்துகொண்டிருந்தது.

கீழே எழுதியிருப்பதில் முக்கால்வாசி அந்த ஒரே கேள்விதான்: வால்வை இடம் மாற்றினால் பழுது அதோடு நகர்கிறதா, இருந்த இடத்திலேயே நிற்கிறதா?

கை வைக்கும் முன்

வால்வு ஆம்புக்குள் ஓடும் ஹெச்.டி. (ஹை டென்ஷன், வால்வின் பிளேட்டுக்குப் போகும் உயர்) மின்னழுத்தம் சாதாரணமாக 250 முதல் 500 வோல்ட் டி.சி. வரை இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். டி.சி.யைச் சீராக்கும் ஃபில்டர் கண்டன்சர் அந்த மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும். 100 மைக்ரோஃபாரட் கண்டன்சரில் 400 வோல்ட் என்றால் 8 ஜூல். செத்த பாம்பு என்று நம்பிக் கை வைத்தால் சீறும். சில ஆம்புகளில் அதை வடியவைக்க ஒரு ப்ளீடர் ரெசிஸ்டர் இருக்கும்; அது எரிந்து போயிருந்தால் உங்களுக்குத் தெரியாது.

வடியவைக்க 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் இன்சுலேஷன் உள்ள கிளிப் வயரைப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளிப்பை சேஸிஸிலும் மற்றொன்றைக் கண்டன்சரின் பிளஸ் முனையிலும் மாட்டி, 10 விநாடி விட்டு, மீட்டரில் பாருங்கள். ஒவ்வொரு ஃபில்டர் கண்டன்சருக்கும் இதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் "டப்" என்று ஷார்ட் செய்யும் பழக்கம் உள்ளவர்கள் உண்டு; கண்டன்சருக்கும் கெடுதல், கண்ணுக்கும் கெடுதல்.

ஆனில் வைத்து அளக்கும்போது மைனஸ் முனையைக் கிளிப்பால் சேஸிஸில் மாட்டிவிட்டு, ஒரு கையால் மட்டும் அளந்து, இன்னொரு கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரும் அதன் வயர்களும் 600 வோல்ட்டுக்காவது தாங்கும் வகையாக இருக்கட்டும். ஸ்பீக்கரோ அதற்கு ஈடான லோடு ரெசிஸ்டரோ இல்லாமல் ஆம்பை ஓட்டவே கூடாது. லோடு இல்லாமல் சத்தம் கொடுத்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் அழுத்தம் எகிறி இன்சுலேஷன் துளைத்துவிடும். டிரான்சிஸ்டர் ஆம்பில் பழகியவர்கள் மறந்துபோகும் விஷயம் இது.

இன்னொரு கருவி, வீட்டிலேயே செய்துகொள்ளலாம்: மெயின்ஸ் வயரோடு தொடராக 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது. ஆம்பை ஆன் செய்ததும் பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பலி கொடுப்பதற்குப் பதில் பல்பு அந்த அடியை வாங்கிக்கொள்ளும்.

உயர் மின்னழுத்தத்தில் அளந்து பழக்கம் இல்லையென்றால் வெளியிலிருந்தே செய்யும் சோதனைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவே மெக்கானிக்கின் வேலையில் பாதியைக் குறைக்கும்.

எதுவுமே எரியவில்லை

பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, ஆம்பின் சுவிட்சை மட்டும் ஆனில் வைத்து, பிளக்கின் இரண்டு மின்முனைகளுக்கு நடுவே ஓம் பாருங்கள். சில ஓமிலிருந்து சில பத்து ஓம் வரை காட்டினால் வயர், ஃபியூஸ், சுவிட்ச், பிரைமரி எல்லாம் முழுசாக இருக்கின்றன. எதுவும் காட்டவில்லை என்றால் அந்த நான்கில் ஒன்று அறுந்திருக்கிறது. ஃபியூஸைக் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், மீட்டரில் வையுங்கள். உள்ளே கம்பி முழுசாகத் தெரிந்தும் மூடியருகே விட்டுப்போன ஃபியூஸ்கள் என்னை ஏமாற்றியிருக்கின்றன.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது

எப்போது போகிறது என்பதுதான் இங்கே முழு விஷயம். ஆன் செய்த நொடியிலா, இருபது முப்பது விநாடி கழித்தா?

ஆன் செய்த உடனே போனால், ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிஃபயர் வால்வையும் அவுட்புட் வால்வுகளையும் கழற்றிவிட்டுத் தொடர் பல்போடு ஆன் செய்யுங்கள். அப்போதும் பல்பு பிரகாசமாகவே நின்றால் பவர் டிரான்ஸ்ஃபார்மரையோ ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் கம்பி) வயரிங்கையோ சந்தேகப்பட வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி வயர்களையெல்லாம் விடுவித்த பிறகும் பல்பு எரிந்தால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளுக்குள்ளேயே ஷார்ட். அங்கே மேற்கொண்டு ஆராய்ச்சி வேண்டாம். ரெக்டிஃபயரைக் கழற்றியதும் பல்பு மங்கினால் ரெக்டிஃபயரோ அதற்கு அடுத்த முதல் ஃபில்டர் கண்டன்சரோ குற்றவாளி. வால்வுக்குப் பதில் டையோடு இருந்தால் மீட்டரின் டையோடு நிலையில் இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஷார்ட் ஆனது இரு திசையிலும் ஒரே மாதிரி காட்டும்.

ரெக்டிஃபயர் வால்வு அடிக்கடி பொறிந்தால், முன்பு யாராவது முதல் கண்டன்சரைப் பெரிதாக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஜிஇசட்34க்கு முதல் கண்டன்சர் 60 மைக்ரோஃபாரடைத் தாண்டக்கூடாது என்பது அதன் டேட்டாஷீட்டிலேயே உள்ள வரம்பு. "பாஸ் நல்லா வரும்" என்று 220 போட்டால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அந்த வால்வு அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை அள்ளிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆன் செய்து இருபது முப்பது விநாடி கழித்துப் போனால், அவுட்புட் வால்வுகள் சூடேறி மின்னோட்டம் எடுக்கத் தொடங்கும் நேரம் அது. அடுத்த அறிகுறியைப் படியுங்கள்.

எந்த நிலையிலும் பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். அதே அளவு, அதே வகை. மெதுவாகப் போகும் ஃபியூஸ் என்று எழுதியிருந்தால் அதுவேதான்.

பிளேட் சிவக்கிறது

பார்த்த உடனே ஆஃப் செய்யுங்கள். வால்வுக்கும் நேரமில்லை, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கும் நேரமில்லை.

ஆனால் எதைப் பார்த்தோம் என்பதில் தெளிவு வேண்டும். நடுவில் மேலும் கீழும் தெரியும் ஆரஞ்சு ஒளி ஹீட்டருடையது, அது இயல்பு. கண்ணாடியின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு நடனமாடும் நீல ஒளியும் பயப்பட வேண்டியதில்லை. சாம்பல் நிறத் தகட்டின் நடுவில் மங்கலான சிவப்புத் தழும்பு போலக் கிளம்பிப் பரவுவதுதான் அபாயம். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் சீக்கிரமே தெரியும். தகடுகளுக்கு இடையில் ஊதாவும் இளஞ்சிவப்புமாக மூட்டம் தெரிந்தால் வால்வுக்குள் வாயு இருக்கிறது. கண்ணாடியின் வெள்ளிப்பூச்சு பால்வெள்ளையாகிவிட்டிருந்தால் காற்றே புகுந்துவிட்டது. இந்த இரண்டுக்கும் புது வால்வுதான்.

மற்றபடி, ஆறியதும் சிவந்த வால்வையும் பக்கத்து வால்வையும் இடம் மாற்றுங்கள். தனித்தனி பயஸ் திருகு (வால்வு எடுக்கும் மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் அழுத்தத்தை வைப்பது) உள்ள ஆம்பானால் இரண்டையும் மிகக் குறைந்த மின்னோட்டத்துக்குத் திருப்பிவிட்டுத் தொடங்குங்கள். சிவப்பு வால்வோடு நகர்ந்தால் வால்வு கெட்டது. சாக்கெட்டோடு நின்றால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனையான கிரிட்டுக்கு வர வேண்டிய நெகட்டிவ் பயஸ் வரவில்லை.

மூன்று ஜோடி வால்வைத் தின்ற அந்த ஆம்பில் நான் செய்தது இதுதான். அவுட்புட் வால்வுகளைக் கழற்றிவிட்டு ஆன் செய்தேன். வால்வுகள் இல்லாதபோது ஹெச்.டி. வழக்கத்தைவிட ஏறும், அதனால் சட்டென்று முடித்துவிட வேண்டும். இஎல்34க்கு கிரிட் 5ஆம் பின். இடது சாக்கெட்டில் 5ஆம் பின்னில் -36 வோல்ட். வலது சாக்கெட்டில் -25. இரண்டுக்கும் ஒரே பயஸ் சப்ளை. நடுவில் காணாமல்போன 11 வோல்ட்டை, முந்தைய வால்வின் பிளேட்டிலிருந்து கப்ளிங் கண்டன்சர் வழியாகக் கசியும் பாசிட்டிவ் அழுத்தம் தின்றிருந்தது. கிரிட் ரெசிஸ்டர் 220 கிலோ ஓம். 11 வோல்ட் என்றால் கசிவு வெறும் 50 மைக்ரோ ஆம்பியர். கண்டன்சரைக் கழற்றி மீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தால் புதுசு போலக் காட்டியது. மீட்டர் கொடுப்பது ஓரிரு வோல்ட். 200 வோல்ட் ஏறும்போதுதான் அது தன் குணத்தைக் காட்டும். அதனால்தான் கப்ளிங் கண்டன்சரை எப்போதும் சர்க்யூட்டில், உண்மையான அழுத்தத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும்.

கேத்தோடு பயஸ் ஆம்பானால் (தனி பயஸ் சப்ளை இல்லாமல், எலக்ட்ரானை வெளிவிடும் முனையான கேத்தோடில் உள்ள ரெசிஸ்டரே பயஸ் தருவது) கணக்கு இன்னும் எளிது: வால்வைக் கழற்றிய நிலையில் கிரிட் பின்னில் 0 வோல்ட் இருக்க வேண்டும். பாசிட்டிவாக ஏதாவது தெரிந்தால் கண்டன்சர் கசிகிறது. அங்கே இன்னொரு சந்தேகமும் உண்டு. கேத்தோடு ரெசிஸ்டருக்குக் குறுக்கே உள்ள எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர் ஷார்ட் ஆனால் பயஸே இல்லாமல் போய்விடும். வால்வு ஓடும்போது கேத்தோடில் 0 வோல்ட் காட்டினால் அதுதான்.

எல்லா வால்வுகளும் சேர்ந்தாற்போல் சிவந்தால் தனித்தனியாக எதையும் தேட வேண்டாம். பயஸ் சப்ளையின் டையோடு, அதன் சின்ன எலக்ட்ரோலைட்டிக், பயஸ் திருகு. அந்தத் திருகின் நகரும் தொடர்பு விட்டுப்போனால் சில வடிவமைப்புகளில் பயஸ் மொத்தமாகக் காணாமல் போகும். ஒரு தூசி போதும்.

இவற்றைத் தவிர அவ்வளவாகக் கவனிக்கப்படாத ஒன்று: சாக்கெட்டின் 5ஆம் பின் தளர்ந்து கிரிட்டைத் தொடாமல் இருப்பது. பின்னைத் தொட்டு அளந்தால் பயஸ் சரியாகக் காட்டும். வால்வுக்குப் போய்ச் சேராது.

சரிசெய்த பிறகு பயஸ் வைக்கும் கணக்கு. இஎல்34இன் பிளேட் தாங்கும் அதிகபட்சம் 25 வாட். தனி பயஸ் சப்ளை உள்ள ஃபிக்ஸட் பயஸ் ஆம்பில் அதில் 70 சதவீதம் வைத்துக்கொண்டால் 17.5 வாட். பிளேட்டில் 400 வோல்ட் இருந்தால், 17.5ஐ 400ஆல் வகுக்க ஏறக்குறைய 44 மில்லி ஆம்பியர். கேத்தோடில் 10 ஓம் அளவு ரெசிஸ்டர் இருந்தால் அதன் குறுக்கே 0.44 வோல்ட். ஆம்பின் புத்தகத்தில் வேறு எண் கொடுத்திருந்தால் புத்தகம் சொல்வதே சரி. இஎல்84க்கு அதிகபட்சம் 12 வாட்தான், எண்ணைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

"ம்ம்ம்" என்ற இரைச்சல்

ஹம் எல்லாம் ஒன்று போலக் கேட்டாலும் இரண்டு சாதி. மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் ஒன்று 50, மற்றொன்று 100 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் மின்சாரமானால் 60, 120. கீழ் ஸ்தாயியில் அடிவயிற்றிலிருந்து வரும் மிருதுவான "ம்ம்ம்" 50. கொஞ்சம் முள்ளோடு "ர்ர்ர்" என்று உரசுவது 100. காது நிச்சயமாகச் சொல்லவில்லை என்றால் ஃபோனில் ஒரு ஸ்பெக்ட்ரம் செயலி போதும்.

100 என்றால் ரெக்டிஃபயருக்குப் பின்னால் உள்ள ஃபில்டர் கண்டன்சர் வறண்டிருக்கலாம். முதல் கண்டன்சரில் ஏ.சி. அளந்தால் சில வோல்ட் காட்டுவது சகஜம். 20, 30 என்று போனால் சந்தேகமே வேண்டாம். 50 என்றால் ஹீட்டர் வயரிங், வால்வுக்குள் ஹீட்டரிலிருந்து கேத்தோடுக்குக் கசிவு, அல்லது எர்த் லூப். ஒரு விதிவிலக்கும் உண்டு: ரெக்டிஃபயரின் இரண்டு பாதிகளில் ஒன்று செத்துவிட்டால் முழு அலை அரை அலையாகி, ஹெச்.டி. சப்ளையிலிருந்தே 50 வரும், பலமாகவும் வரும்.

இனி இடத்தைப் பிடிப்பது. வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். ஹம் அப்படியே இருந்தால் வால்யூம் கண்ட்ரோலுக்குப் பிறகு. வால்யூமோடு ஏறினால் அதற்கு முன்பு. முன்பு என்றால் முதலில் இன்புட் கேபிளையே பிடுங்குங்கள். ஹம் போய்விட்டால் ஆம்ப் நிரபராதி. கேபிளையோ, இரண்டு கருவிகளும் தனித்தனி எர்த் எடுப்பதால் உண்டாகும் வளையத்தையோ பாருங்கள். எர்த் லூப்பைத் தீர்க்க ஆம்பின் மெயின்ஸ் எர்த்தை வெட்டிவிடும் ஆசாமிகள் இருக்கிறார்கள். 400 வோல்ட் ஓடும் உலோகப் பெட்டியில் செய்யும் காரியமா அது?

அடுத்து, ஆஃப் செய்து இன்புட் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வால்வாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் ஆன் செய்து கேளுங்கள். ஹீட்டர்கள் பக்க இணைப்பில் உள்ள ஆம்பில் மட்டுமே இது நடக்கும். எந்த வால்வைக் கழற்றியதும் ஹம் நின்றதோ, பழுது அந்த நிலையிலோ அதற்கு முன்போ இருக்கிறது. அந்த வால்வுக்குப் பதில் அதே வகையில் இன்னொன்றைப் போட்டும் ஹம் இருந்தால் வால்வை விட்டுவிட்டு, ஹீட்டர் மின்னழுத்தத்தின் நடுப்புள்ளியை எர்த் செய்யும் இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர்களைப் பாருங்கள். அவுட்புட் வால்வு ஒன்று ஷார்ட் ஆனபோது அவற்றில் ஒன்று கருகியிருக்கும், வால்வை மாற்றியவர் அதைக் கவனித்திருக்க மாட்டார்.

அவுட்புட் வால்வுகள் மட்டுமே மிஞ்சிய நிலையிலும் ஹம் இருந்தால்? அவுட்புட் வால்வுகள் இரண்டு பக்கமாக எதிரெதிரே வேலை செய்யும் புஷ்-புல் ஆம்பில் இரண்டு பக்கமும் சம அளவு மின்னோட்டம் எடுக்கும்போது சப்ளையின் ரிப்பிள் (டி.சி.யில் மிஞ்சிய அலை) அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒன்று களைத்திருந்தால் அந்தச் சமன் போய், இத்தனை நாள் மறைந்திருந்த ரிப்பிள் காதில் விழும். இங்கே மட்டும் புது ஜோடி வாங்குவது நியாயமான யோசனை.

கரகர, படபட, வறுக்கும் சத்தம்

வால்யூமைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் கண்ட்ரோலுக்குள் கான்டாக்ட் க்ளீனர் அடித்துப் பத்து இருபது முறை திருப்பினால் போகும். ஒரு மாதத்தில் திரும்பி வந்தால் க்ளீனரைக் குறை சொல்லாதீர்கள். கண்ட்ரோலின் நடு முனையில் டி.சி. அளந்து பாருங்கள், 0 இருக்க வேண்டும். அங்கும் ஒரு கண்டன்சர் கசிகிறது என்றால்தான் அழுத்தம் தெரியும்.

திருப்பாமலேயே படபடத்தால் காய்ந்த மரக்குச்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உலோகமோ பென்சிலோ வேண்டாம். பென்சில் கரி மின்சாரம் கடத்தும். ஆம்ப் ஓடும்போது வால்வுகளையும், சேஸிஸ் திறந்திருந்தால் ஒவ்வொரு பற்றவைப்பையும் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். தட்டிய இடத்தில் வெடித்தால் டிரை சால்டர், அதாவது சரியாகப் பிடிக்காத பற்றவைப்பு. பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவையுங்கள். வால்வை ஆட்டும்போது வெடித்தால் சாக்கெட் பின்கள்; ஆஃப் செய்து, மின்னேற்றத்தை வடித்துவிட்டு, ஊசியால் பின்களை இறுக்கி க்ளீனர் அடியுங்கள்.

இஎல்34 சாக்கெட்டில் 3ஆம் பின் பிளேட், பக்கத்தில் 2ஆம் பின் ஹீட்டர். ஒருமுறை இவற்றுக்கு நடுவே பொறி பறந்திருந்தால் பேக்கலைட்டில் பென்சில் கோடு போலக் கரித்தடம் விழுந்திருக்கும். சுரண்டினாலும் போகாது. சாக்கெட்டையே மாற்ற வேண்டும்.

தட்டுவது எதற்கும் அசையாமல், எண்ணெயில் எதையோ வறுப்பது போல விடாமல் சளசளத்தால் பெரும்பாலும் முதல் வால்வின் பிளேட் லோடு ரெசிஸ்டர். பழைய கார்பன் ரெசிஸ்டராக இருந்தால் அதே ஓமில் மெட்டல் ஃபிலிம் போடுங்கள், அமைதியாகிவிடும்.

வால்வைச் சுண்டினால் ஸ்பீக்கரில் மணி அடிப்பதற்கு மைக்ரோஃபோனிக் என்று பெயர். உள்ளே கம்பிகள் தளர்ந்த வால்வு. இன்புட் நிலையில் தொல்லை தரும் இசிசி83 என்ற சின்ன வால்வைப் பின்னால் உள்ள நிலைக்கு மாற்றிவிட்டால் பல சமயம் நிம்மதி. தூக்கி எறிய வேண்டியதில்லை.

சத்தம் குறைவு, கிழிசல், அல்லது மௌனம்

வால்வுகளெல்லாம் எரிகின்றன, சத்தம் மட்டும் இல்லை என்றால் முதலில் ஹெச்.டி. இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ரெக்டிஃபயர், ஹெச்.டி. ஃபியூஸ், ஸ்டேண்ட்பை சுவிட்ச், சோக் (சப்ளையைச் சீராக்கும் சுருள்). இருந்தால் அவுட்புட் வால்வுகளின் பிளேட்டை அளந்து பாருங்கள். ஸ்க்ரீனில் (கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் உள்ள கம்பிச்சுருள்) அழுத்தம் இருந்து பிளேட்டில் இல்லையென்றால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி அறுந்துவிட்டது. அப்போது பிளேட் கறுப்பாகவே இருக்க, அதற்கு உள்ளே மெல்லிய கம்பிச்சுருள் மட்டும் சிவந்து தெரியும். அதையும் உடனே ஆஃப் செய்ய வேண்டும்.

சத்தம் வருகிறது, ஆனால் பாதிதான் என்றால் சின்ன வால்வுகளுக்கு வாருங்கள். இசிசி83 சாதாரண நிலை ஒன்றில் சப்ளை 250 வோல்ட், பிளேட் ரெசிஸ்டர் 100 கிலோ ஓம், கேத்தோடு ரெசிஸ்டர் 1.5 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்வோம். கேத்தோடில் 1.2 வோல்ட் காட்டினால் மின்னோட்டம் 0.8 மில்லி ஆம்பியர். பிளேட் ரெசிஸ்டரில் 80 வோல்ட் விழும். பிளேட்டில் 170 வோல்ட் தெரிய வேண்டும். பிளேட்டிலும் 250 நின்றால் வால்வு ஓடவே இல்லை: ஹீட்டர், கேத்தோடு ரெசிஸ்டர் அல்லது வால்வு. பிளேட்டில் சில பத்து வோல்ட்தான் என்றால் பிளேட் ரெசிஸ்டரின் ஓம் வயதாகி ஏறியிருக்கும். எல்லா அழுத்தமும் சரி, சத்தம் மட்டும் குறைவு என்றால் கேத்தோடு கண்டன்சர் வறண்டிருக்கிறது. அந்த நிலையின் பெருக்கம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

இசிசி83க்குள் இரண்டு பாதிகள், ஒவ்வொன்றுக்கும் தனி ஹீட்டர். ஒரு பாதி மட்டும் செத்திருப்பதும் உண்டு. பெயரைப் பார்த்துக் குழம்புகிறவர்களுக்காக: ஐரோப்பியக் குறியீட்டில் முதல் எழுத்து இ என்றால் 6.3 வோல்ட் ஹீட்டர், சி என்றால் டிரையோடு, இரண்டு சி என்றால் இரட்டை டிரையோடு, எல் என்றால் அவுட்புட் பென்டோடு. அமெரிக்கப் பெயரில் 12ஏஎக்ஸ்7 என்பதும் இசிசி83 என்பதும் ஒன்றே. அதே வால்வின் ஹீட்டரைத் தொடராக இணைத்தால் 12.6, பக்கமாக இணைத்தால் 6.3.

உரக்க வைக்கும்போது மட்டும் கிழிந்தால் அவுட்புட் வால்வுகளில் ஒன்று வேலை செய்யவில்லை, அல்லது ஒன்றின் ஸ்க்ரீன் ரெசிஸ்டர் அறுந்திருக்கிறது.

படகு மோட்டார் போல "டப் டப் டப்" என்று தானாகத் துடித்தால் ப்ரீஆம்ப் சப்ளையின் டிகப்ளிங் கண்டன்சர். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றிய கையோடு ஆம்ப் ஊளையிட்டால் ஃபீட்பேக் (அவுட்புட்டிலிருந்து முன்நிலைக்குத் திருப்பிக் கொடுக்கும் சிறு பங்கு) தலைகீழாகிவிட்டது. இரண்டு பிளேட் வயர்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் பற்றவைத்தால் அடங்கிவிடும்.

நீண்ட நாள் பரணில் கிடந்த ஆம்ப்

நேராக மெயின்ஸில் செருகாதீர்கள். ஓடாமல் கிடந்த எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர்களின் உட்பூச்சு கரைந்திருக்கும். வேரியாக் (மெயின்ஸ் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்து மெல்ல ஏற்றி உயிர்ப்பிக்கலாம் என்பார்கள். முப்பது வயது தாண்டிய ஃபில்டர் கண்டன்சருக்கு அந்தப் பாசம் தேவையில்லை, மாற்றிவிடுங்கள் என்பது என் கட்சி. மெயின்ஸ் முனையிலிருந்து சேஸிஸுக்குப் போகும் கண்டன்சர் இருந்தால் அதை எடுத்துவிட்டு, மூன்று கம்பி வயர் போட்டு, எர்த்தைச் சேஸிஸில் தனித் திருகில் இறுக்குங்கள்.

மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது

"சத்தம் சரியில்லை" என்று சொல்லிக் கொடுத்தால் அவர் முதல் அடியிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: ஆன் செய்து எத்தனை நிமிடத்தில் வருகிறது, எந்தச் சேனல், வால்யூமோடு மாறுகிறதா, வால்வை இடம் மாற்றியபோது என்ன ஆயிற்று, கடைசியாக எதை யார் மாற்றினார்கள், எத்தனை ஓம் ஸ்பீக்கர். சூடானால் மட்டும் வரும் பழுதென்றால் அதைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். இல்லையென்றால் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

திறந்து பார்க்குமுன்பே "எல்லா வால்வும் மாத்திடலாம்" என்றால் எந்த வால்வை எப்படிச் சோதித்தீர்கள் என்று கேளுங்கள். கழற்றிய பழைய சாமான்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். பிளேட் அழுத்தம், பயஸ் மின்னோட்டம், ஹீட்டர் அழுத்தம், இந்த மூன்று எண்களையும் எழுதி வாங்குங்கள். ஹீட்டர் 6.3 வோல்ட் வகையானால் 5.7க்கும் 6.9க்கும் நடுவில் இருக்க வேண்டும்.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது என்று சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளாமல் ஒரு சோதனை கேளுங்கள். 5000 ஓம் பிரைமரி, 8 ஓம் செகண்டரி என்றால் சுற்றுகளின் விகிதம், 5000ஐ 8ஆல் வகுத்து வரும் 625இன் வர்க்கமூலம், அதாவது 25. வால்வுகளையெல்லாம் கழற்றி, செகண்டரியில் 1 வோல்ட் ஏ.சி. கொடுத்தால் பிரைமரியின் இரு பிளேட் முனைகளுக்கு நடுவே 25 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வர வேண்டும். வந்தால் அனேகமாக நல்ல டிரான்ஸ்ஃபார்மர். உண்மையிலேயே போயிருந்தால், பவர் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகிற எல்லாரும் அதைச் சுற்ற முடியாது. பிரைமரியும் செகண்டரியும் அடுக்கடுக்காக ஒன்றினுள் ஒன்று கோத்துச் சுற்றப்பட்டிருக்கும். பிரிக்கும்போது அடுக்குகளை எண்ணி எழுதிவைக்கிறவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

எடுத்துச் செல்லும்போது வால்வுகளைக் கழற்றிவிடுங்கள். கண்ணாடியைப் பிடித்து முறுக்காமல் அடிப்பாகத்தைப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எந்த வால்வு எந்த சாக்கெட்டில் இருந்தது என்று காகிதத்தில் எழுதி ஒவ்வொன்றிலும் நூலால் கட்டிவிடுங்கள். கண்ணாடியில் உள்ள அச்சைத் துணியால் துடைக்க வேண்டாம்; பழைய வால்வானால் ஒரே துடைப்பில் பெயர் துணிக்கு வந்துவிடும், அப்புறம் அது எந்த வால்வு என்று யாருக்கும் தெரியாது.